இருபதுக்கு மேல் இரண்டு

"அம்மா, பதினாலாம் நம்பர்ல என்ன எழுதியிருக்கீங்க? ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க," என்றாள் நாரே.

இன்சுக் மைக்ராஸ்கோப்பிலிருந்து உடனே முகத்தை எடுக்கவில்லை. அந்த 'அம்மா' காதில் விழுந்ததும் தோள்பட்டை ஒரு தடவை இறுகித் தளர்வது அவளுக்குப் பழகிவிட்டது. தென்கொரியாவின் யோசு துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் இந்த ஆய்வகத்தில், தரை துடைக்க வருபவளும் சாப்பாட்டு அறையில் சூப் ஊற்றுபவளும் அம்மாக்கள். பத்தொன்பது வருடமாக இதே நாற்காலியில் உட்கார்ந்து எண்ணும் யோ இன்சுக்கை, இதற்கு முன் வந்த நான்கு தலைவர்களும் மரியாதையாக டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நாரே சியோலில் முதுகலை முடித்தவள், முப்பத்தொரு வயது. ஏப்ரலில் டீம் தலைவராகப் பொறுப்பேற்ற முதல் நாளே, இரண்டு கையாலும் ஒரு பெட்டி கேக்கை நீட்டி, குனிந்து வணங்கி, "அம்மா, இனிமே பாத்துக்கங்க" என்றாள். குறை சொல்ல முடியாத மரியாதை. அதனாலேயே அதற்குப் பதில் சொல்லவும் முடியவில்லை.

"இருபத்திரண்டு," என்றாள் இன்சுக்.

"உயிரோட?"

"உயிரோட."

"உள்ள போட்டது எத்தனை?"

"இருபது."

நாரே சிரித்தாள். சத்தமில்லாமல், மூக்கின் வழியே.

சிரிக்கத்தான் வேண்டும். துறைமுகத்தைத் தூர்வாரி எடுக்கும் சேற்றை நடுக்கடலில் கொட்டலாமா கூடாதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. ஒவ்வொரு இடத்துச் சேற்றையும் சலித்து ஐந்து பீக்கர்களின் அடியில் பரப்பி, மேலே கடல்நீர் விட்டு, ஒவ்வொன்றிலும் இருபது உயிர்களைப் போடுவார்கள். கூனி இறாலையும் விடச் சிறியவை. அரை அரிசி நீளம், வளைந்த முதுகு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய உணர்கொம்புகள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவை வெறும் பூச்சிகள். போட்டதும் சேற்றுக்குள் புதைந்து குழல் கட்டிக்கொண்டு குடியிருக்கும். பத்தாம் நாள் சேற்றை மறுபடி சலித்து உயிரோடு இருப்பவற்றை எண்ண வேண்டும். காணாமல் போனதும் செத்ததும் ஒன்றுதான், செத்தவை பத்து நாளில் கரைந்துவிடும். ஆக அந்த எண் குறையலாம். கூட வழியே இல்லை.

"ரெண்டு குட்டி போட்டுடுச்சோ?"

"குட்டின்னா தூசி மாதிரி இருக்கும் மேடம். இது ரெண்டும் வளந்தது."

"அப்ப ஒண்ணு ரெண்டாத் தெரியுது. வயசானா அப்படித்தாம்மா. எங்க அம்மாவும் ஊசியில நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"அவங்க நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்களே. ஏன்?"

"இந்த அஞ்சு மாசத்துல நீங்க அவங்ககிட்ட ஒரு தடவையாவது போன்ல பேசி என் காதுல விழல. அதான் கேட்டேன்."

நாரேயின் புன்னகை அப்படியே இருந்தது. அதற்கு மேலே இருந்த கண்கள் மட்டும் மாறின. தன் சீட்டை மேசைமேல் வைத்தாள். பதினான்காம் பீக்கர்: இருபது.

இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பது வழக்கம். வித்தியாசம் ஒன்று வந்தால் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டு வந்தால் பிரிவுத் தலைவர் தாக் வந்து மூன்றாவதாக எண்ண வேண்டும். போன மாதம் இரண்டு தடவை அப்படி வந்தது. இரண்டு தடவையும் அதற்குள் பூச்சிகளைச் சேற்றோடு கொட்டிவிட்டிருந்ததால் யார் எண்ணியது சரி என்று தெரியாமலே போயிற்று. அதன்பிறகுதான் தாக், காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே இன்சுக்கிடம் சொன்னார்: "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நாரே எழுதிக் குடுத்திருக்கா. இன்னொரு தடவை ரெண்டு வித்தியாசம் வந்து, தப்பு உங்க பக்கம்னா, உங்களை பீக்கர் கழுவுற அறைக்கு மாத்தணுமாம். கண்ணு சம்பந்தப்பட்ட விஷயம் பாருங்க, நான் மறுக்க முடியல."

கழுவும் அறையில் வேலை செய்ய இன்சுக்குக்குக் கூச்சமில்லை. ரப்பர் பூட்ஸும் அமிலத் தொட்டியும் அவள் பார்க்காததா? ஆனால் இந்த நாற்காலி வேறு. வீட்டில் அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் கணவரோ மகனோ அதன் நடுவில் நடந்து போவார்கள். இங்கே அவள் லென்ஸுக்குள் பார்த்து 'பதினாறு' என்றால், ஒரு துறைமுகத்தின் சேறு முழுக்கப் பதினாறு என்பதைக் கேட்டுக்கொண்டு நின்றது. யாரும் அந்தப் பதினாறைப் பாதியில் வெட்டியதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் தன்னிடம் உள்ள கனமான பொருள் அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். அதை வைத்திருக்கிறோம் என்பதை அதைப் பறிக்க ஒருத்தி வந்த பிறகே அவள் கவனித்தாள். நாரேமேல் இருந்த வெறுப்பில் அந்தத் தாமதத்துக்கான கோபமும் கலந்திருந்தது.

"தாக் சார் மீட்டிங்ல இருக்கார். சாப்பாட்டுக்கு அப்புறம் வருவார். தட்டை மூடி வைங்க. யாரும் தொட வேண்டாம்," என்றாள் நாரே.

"நான் தொடமாட்டேன். நீங்க?"

"என்ன சொல்றீங்க?"

"மூடி வைக்கிறேன்னு சொன்னேன்."

சாப்பாட்டு அறையில் இருவரும் நீள மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். அன்று யோசுவின் பெருமையான, காரமாக ஊறவைத்த கடுகுக்கீரைக் கிம்ச்சியும் கானாங்கெளுத்தி வறுவலும். நாரே கிம்ச்சியைக் குச்சியின் நுனியால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். ஊர்க்காரர்கள் பார்க்கும் இடத்தில் அதை ஒதுக்கக்கூடாது என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை, அல்லது தெரிந்தேதான் ஒதுக்குகிறாள். இன்சுக் சோற்றைக் கிளறிக்கொண்டே யோசித்தாள். நாரே எண்ணும்போது அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். கையில் கிளிக்கர், ஒன்றுக்கு ஒரு அழுத்து. பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்றதும் பேருந்து நிறுத்தம் வந்ததுபோலத் தலையைத் தூக்கிவிடுவாள். தட்டில் இன்னும் பார்க்காத ஓரம் இருக்கும். இருபதுக்கு மேல் இருக்காது என்பது அவளுக்குத் தெரியுமே. பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

இதைக் கண்டுபிடித்ததும் இன்சுக்குக்குத் திடீரெனப் பசித்தது. கிம்ச்சி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மணிக்குத் தாக் அறைச்செருப்பை இழுத்துக்கொண்டு வந்தார். பருத்த மனிதர். நாற்காலி அவருக்குக் கீழே முனகியது. "எண்ணிப் பத்து வருஷம் ஆச்சு. தப்புன்னா ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டக்கூடாது," என்றார். தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, கால் அசைந்ததும் தட்டின் மறுபக்கம் ஒதுக்கினார். கிளிக்கர் சத்தம் மட்டும் கேட்டது. பத்தொன்பது. இருபது. நாரே ஒரு மூச்சு விட்டாள்.

கிளிக்.

"ஓரத்துல ஒண்ணு," என்றார் தாக். இன்னொரு கிளிக். "அடேயப்பா. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு." முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார். "இருபத்திரண்டு. டீச்சர் சரி."

இந்த நொடிக்காக இன்சுக் ஐந்து மாதம் காத்திருந்தாள். அது ஒரு வாய் வெந்நீர்போல நெஞ்சில் இறங்கியது. நாரேயின் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்க்காமல் இருந்தால் பெருந்தன்மையாக இருக்கும் என்று தெரிந்தும் பார்த்தாள்.

தாக் பதிவுத்தாளைப் புரட்டினார். "பூச்சியை உள்ள போட்டப்ப எண்ணினது யாரு? சோன் நாரே. சரிபார்த்தவர்ங்கிற கட்டம் காலியா இருக்கே?"

"நான் எண்ணினா போதும்னு சொன்னேன்," என்றாள் நாரே. "அம்மா திரும்ப எண்ணினா வீணாக் குழப்பம் வரும்னு..."

"இப்ப மட்டும் வரலையா? நீ ரெண்டு கூடப் போட்டுட்ட, அவ்வளவுதான். பத்தொன்பது இருபதுல தடுமாறியிருப்ப. நீயும் மனுஷிதானே. பதினாலை மட்டும் நீக்கிட்டு மீதி நாலு பீக்கரை வச்சுக்கலாம்."

"நான் இருபதுதான் சார் போட்டேன்."

"அப்ப ரெண்டும் பறந்து வந்துச்சா?"

நாரே பதிவுத்தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "இருபதுதான்... இருபதுன்னுதான் நினைக்கிறேன்," என்றாள். கடைசியில், "தெரியல சார்."

அவள் வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல்லை இன்சுக் கேட்பது அதுவே முதல் தடவை. இனிப்பான சொல்தான். ஆனால் அதை ருசிக்க முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் இன்சுக் தட்டை மறுபடி பார்த்துவிட்டிருந்தாள்.

பூச்சிகளைக் கடற்கரைச் சேற்றிலிருந்து பிடித்ததும் இரண்டு சல்லடைகளில் மாற்றி மாற்றிச் சலித்து ஒரே அளவானவற்றை மட்டும்தான் எடுப்பார்கள். இருபதும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். ஓரத்தில் இருந்த அந்த இரண்டும் ஒரு மயிரிழை சிறியவை, நிறமும் வெளிறியது. அவற்றை நாரே போடவில்லை. யாருமே போடவில்லை. அவை துறைமுகச் சேற்றிலேயே பிறந்தவை. பத்து நாளுக்கு முன் புள்ளியளவு குஞ்சுகளாகச் சல்லடைக் கண்ணில் நழுவி பீக்கருக்குள் வந்து, அங்கேயே வளர்ந்திருக்கின்றன. அப்படி எதுவும் உள்ளே போகாதபடி, சலித்த சேற்றை வெள்ளைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, தேடி, பொறுக்கி எடுக்க வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். பதிவுத்தாளில் அந்தக் கட்டம் காலியாக இல்லை. யோ இன்சுக், சனிக்கிழமை, காலை பத்து மணி.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கழுவுதொட்டியின் விளிம்பில் நாரே ஒரு பூதக்கண்ணாடி விளக்கைப் பொருத்தியிருந்தாள். நீளக் கழுத்து, வட்ட முகம், அதன்மேல் ஒட்டிய காகிதத்தில் அழகான கையெழுத்தில் 'அம்மாவுக்காக'. இன்சுக் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு அது இல்லாமலே தேடினாள். தன் மூக்குக்கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாதது அன்று அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! இதற்கா விளக்கு என்று நினைத்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?" என்றார் தாக்.

சும்மா இருந்தால் போதும். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. பதினான்காம் பீக்கர் போகும், நாரேயின் பெயருக்கு எதிரே ஒரு குறை ஏறும், கழுவும் அறைப் பேச்சு அதோடு முடியும். நாரே தானே நம்ப ஆரம்பித்துவிட்டாள். இன்சுக் தனக்குள் நல்ல மனசு என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. வேறு இரண்டு அகப்பட்டன. மீதி நான்கு பீக்கர்களில் அவள் எழுதிய எண்கள்: பத்தொன்பது, பதினெட்டு, இருபது, பதினேழு. அவற்றிலும் துறைமுகத்துப் பூச்சிகள் கலந்திருந்தால், செத்தவற்றின் இடத்தை அவை நிரப்பியிருக்கும். பதினெட்டு என்பது பதினைந்தாக இருக்கலாம். கொட்டக்கூடாத சேறு என்றால்கூடக் கொட்டலாம் என்று அவள் எண்களே சொல்லிக் கடலுக்கு அனுப்பிவிடும். யாரும் பாதியில் வெட்டாத அவளுடைய எண்கள்.

இன்னொன்று இன்னும் சின்னத்தனமானது. செய்யாத தப்புக்காக நாரே தலைகுனிந்தால், என்றைக்காவது ஒரு நாள் அவளுக்கு உண்மை உறைக்கும். அன்றிலிருந்து வாழ்நாள் முழுக்க அவள்தான் உயர்ந்தவள். அதை இன்சுக்கால் தாங்க முடியாது. அவளைத் தோற்கடிக்க வேண்டும்தான், ஆனால் அவள் உண்மையாகச் செய்த தப்பில்.

"அன்னிக்கு நான் பொறுக்கின சேத்துல மிச்சம் குளிர் அறையில இருக்கு," என்றாள் இன்சுக். "பாத்துட்டுச் சொல்றேன்."

டப்பாவைக் கொண்டுவந்து தொட்டிப் பக்கம் வைத்தாள். இரண்டு பேரும் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. சுவரைப் பார்த்திருந்த விளக்கைத் திருப்பினாள். அந்தச் சனிக்கிழமையிலிருந்து அசையாத கழுத்து கிறீச்சிட்டது. வெள்ளைத் தட்டில் ஒரு கை சேற்றைப் பரப்பி, தண்ணீர் விட்டு, விளக்கைப் போட்டாள். வெறும் சேறாக இருந்தது லென்ஸுக்குக் கீழே ஊராக மாறியது. நூலைவிட மெல்லிய மண்குழல்கள். ஒன்றின் வாயிலிருந்து இரண்டு கொம்புகள் நீண்டு, தண்ணீரைத் தடவிப் பார்த்து, உள்ளே போயின.

"ஒண்ணு," என்றாள் இன்சுக். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. "ரெண்டு. மூணு." ஏழில் நின்றது. அதற்கு மேலும் தட்டு முழுக்கத் தேடிவிட்டுத்தான், "ஏழு," என்று முடித்தாள். "ஒரு கை சேத்துல ஏழு. உள்ள போட்டவங்க மேல தப்பில்ல. பொறுக்கினவ மேலதான்."

தாக் நெற்றியைத் தேய்த்தார். "அப்ப அஞ்சு பீக்கரும் போச்சு."

"அஞ்சும் போச்சு."

நாரே முன்னால் வந்து லென்ஸுக்குள் பார்த்தாள். நன்றி என்று ஒன்று வருமோ என இன்சுக் அரை நொடி எதிர்பார்த்தாள். எதிர்பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"சனிக்கிழமை இது கண்ணுல படலையா?" என்றாள் நாரே.

"படல."

"விளக்கு இங்கதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. போடல."

"ஏன் போடல?"

"நீங்க வாங்கினது. அதான்."

நாரேயின் முகம் கழுத்துவரை சிவந்தது. "உங்க ரோஷத்துக்குப் பத்து நாள் வேலை. நூறு பூச்சி. கப்பல் வாடகை எடுத்து மறுபடி சேறு அள்ளணும். இதெல்லாம் சின்ன விஷயமா உங்களுக்கு?"

"இல்ல. பெரிய விஷயம்தான். இப்ப உங்க பங்கையும் கேளுங்க மேடம். நீங்க ஏன் இருபதுல நிறுத்தினீங்க?"

"நான் நிறுத்தல. இருந்தது அவ்வளவுதான் தெரிஞ்சுது."

"ஓரத்துல ரெண்டும் நீச்சல் அடிச்சுட்டு இருந்துச்சு. கண்ணு கெட்டவ பாத்தேன். கண்ணு உள்ளவ பாக்கல. இருபது வந்ததும் நீங்க தலையைத் தூக்கிட்டீங்க. எப்பவும் அப்படித்தான். போன மாசமும் அப்படித்தான் நிறுத்துனீங்களோ என்னவோ, யாருக்குத் தெரியும்?"

"போன மாசத்தை இழுக்காதீங்க!"

"நீங்க இழுத்து எழுதிக் குடுக்கலையா?"

"போதும்," என்றார் தாக். "ரெண்டு பேரும் என் தலையில ஏறி உக்காந்து பூச்சி எண்ணுங்க, அதுதான் பாக்கி."

தவறு நேர்ந்தால் நிரப்பும் தாள் ஒன்று உண்டு. நாரேதான் எழுதினாள். சேற்றில் இருந்த உயிர்களை அகற்றியதில் குறைபாடு, பொறுப்பாளர் யோ இன்சுக், கொடுக்கப்பட்ட உபகரணத்தைப் பயன்படுத்தவில்லை. ஒரு சொல்லும் மென்மையாக இல்லை. எழுதி முடித்துத் தாளை இரண்டு கையாலும் நீட்டினாள். இன்சுக் வாசித்தாள். எல்லாம் உண்மை. கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவைக் கீழே வைக்காமல், அடியில் தன் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: இரண்டாவதாக எண்ணியவர் இருபது வந்ததும் தட்டின் ஓரத்தைப் பார்க்காமல் நிறுத்தினார். போடும்போது சரிபார்க்கவும் விடவில்லை. தாளைத் திருப்பி நீட்டினாள், அவளும் இரண்டு கையால்.

நாரே அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். இல்லை என்று சொல்லக்கூடும், தாளைக் கிழிக்கக்கூடும் என்று இன்சுக் நினைத்தாள். கிழித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள், அப்போது வெறுப்பது சுலபமாகிவிடும். நாரே உதட்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுந்தியது.

தாக் தீர்ப்புச் சொல்லும் ஆள் இல்லை. ஆனாலும் அன்று சொன்னார். "டீச்சர், சேறு பக்கம் இனிமே நீங்க போக வேண்டாம். சலிக்கிறது, பொறுக்கிறது எல்லாம் நாரே. எண்ணுறது நீங்க. நாற்காலி அங்கேயே இருக்கட்டும். ஆனா அடுத்த வாரம் கண் டாக்டர்கிட்ட போய் சீட்டு வாங்கிட்டு வரணும், சரியா? நாரே, எண்ணி முடிச்சப்புறமும் தட்டைப் பாரு. சரிபார்க்கிற கட்டம் காலியா வந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"சலிக்கிற வேலை டீம் தலைவருடையது இல்லையே சார்," என்றாள் நாரே.

"அப்ப யாரை நம்புற? சொல்லு, அவங்களைப் போடுறேன்."

நாரே தொட்டிப் பக்கம் போய் விளக்கின் கழுத்தைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தாள்.

நாற்காலி நிலைத்துவிட்டது. அன்று மாலை பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது இன்சுக் அந்தச் சந்தோஷத்தை வெளியே எடுத்துப் பார்த்தாள். இருந்தது. ஆனால் அதில் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு வேலையைப் பார்த்து, 'இது இனி உன்னால் ஆகாது' என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அதைச் சொல்லவைத்தவள் அவளேதான். கையால் வலது கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு இடது கண்ணை. எதிர் இருக்கைக்காரரின் செய்தித்தாள் எழுத்துகள் இரண்டிலும் ஒரே மாதிரி கலங்கின.

அடுத்த பத்து நாளில் புதுச் சேறு வந்தது. நாரே நான்கு மணிநேரம் தொட்டியருகே நின்று பொறுக்கினாள். குளிர்ந்த நீரில் விரல்கள் இறால் ஓடுபோலச் சிவந்தன. இன்சுக் அந்தப் பக்கம் போகவும் இல்லை, வெந்நீர் வேண்டுமா என்று கேட்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை பூச்சிகளைப் போடும் நாள். நாரே சின்னக் குவளையில் எண்ணிப் போட்டு இன்சுக்கின் மேசைக்குக் கொண்டுவந்தாள். சரிபார்க்கும் கட்டத்தில் கையெழுத்து வரும்வரை அதை பீக்கரில் கவிழ்க்க முடியாது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து நிற்கிறாள் என்பது நிற்கும் விதத்தில் தெரிந்தது.

இன்சுக் லென்ஸைச் சரிசெய்து எண்ணினாள். இருபது. ஓரங்களையும் பார்த்தாள். இருபதேதான், சந்தேகமே இல்லை.

"ஆச்சா?" என்றாள் நாரே.

"இருங்க மேடம். அவசரப்பட்டா தப்பு வரும்."

தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, நுனியை விரலால் கூராக்கிக்கொண்டு, இன்சுக் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.